பிள்ளையவர்கள் இருந்த ஊர்கள்

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1815 ஏப்ரல் 6 அன்று திருச்சிராப்பள்ளியை அடுத்த அதவத்தூரில் பிறந்தார். 1876 பிப்ரவரி 1 அன்று திருவாவடுதுறையில் காலமானார். அவர் படித்த ஊர்களும் பாடம் சொன்ன ஊர்களும் பெரும்பாலும் காவிரியை ஒட்டியே இருக்கின்றன. திருச்சியில் கிளம்பி கும்பகோணம் வழியாக மயிலாடுதுறை போகிறவர் அவற்றில் முக்கியமானவற்றை ஏறக்குறைய வரிசையாகவே கடந்துவிடலாம். அவருடைய கடைசி ஐந்து ஆண்டுகளில் உடனிருந்த மாணவர் உ.வே. சாமிநாதையர். ஆசிரியரின் வரலாற்றைத் தனி நூலாகவும், பிறகு தம்முடைய 'என் சரித்திர'த்தில் ஒரு பெரும் பகுதியாகவும் அவர் எழுதிவைத்தார். அவற்றைப் படித்துவிட்டு வருகிறவருக்கு இந்த ஊர்கள் வேறு மாதிரித் தெரியும். படிக்காமல் வருகிறவருக்குக் கோயில்கள் இருக்கவே இருக்கின்றன. அவற்றைப் பற்றி இங்கே பேச்சில்லை.

அதவத்தூரும் அவர் வளர்ந்த சோமரசம்பேட்டையும் இன்று திருச்சி நகரத்தின் விளிம்புக்கு வந்துவிட்டன. தந்தை சிதம்பரம் பிள்ளை திண்ணைப் பள்ளிக்கூட உபாத்தியாயர். மகனுக்குத் தமிழ் அவரிடம்தான் தொடங்கியது. மகனுக்குப் பதினைந்து வயது ஆகும்போது அவர் இறந்துபோனார். அதற்குப் பிறகு பிள்ளை படித்ததெல்லாம் அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்று பொறுக்கிச் சேர்த்ததுதான். திருச்சிக்கு வந்துபோகும் தம்பிரான்கள், புலவர்கள், சென்னையில் காஞ்சீபுரம் சபாபதி முதலியார், மழவை மகாலிங்கையர், திருத்தணிகை விசாகப்பெருமாளையர் என்று பட்டியல் நீளும். பட்டியல் நீள்கிறது என்றாலே நிலையான ஆசிரியர் ஒருவரும் வாய்க்கவில்லை என்று பொருள்.

அவர்களுள் ஒருவர் திருச்சித் தெருக்களில் பிச்சையெடுத்துத் திரிந்த ஒரு பரதேசி. அவருக்குத் தண்டியலங்காரம் தெரியும். லேசில் யாருக்கும் சொல்லித் தரமாட்டார். பிள்ளை அவர் போகிற தெருவெல்லாம் பின்னாலேயே போனார். அவருக்கு வேண்டிய கஞ்சா முதலியவற்றை வாங்கிக் கொடுத்தார். அவர் மனம் இளகிய நேரம் பார்த்துப் பாடம் கேட்டுக்கொண்டார். அணியிலக்கணம் ஒரு புகைக் குழாயின் தயவில் கிடைத்த கதை இது. சிரிப்பு வரும். ஆனால் அச்சுப் புத்தகம் அருகியிருந்த அந்தக் காலத்தில் ஏடு யார் கையில் இருந்ததோ அவர் வைத்ததுதான் சட்டம். தெரிந்ததை ஒளித்துவைத்து, கெஞ்சவிட்டுச் சொல்லித் தருவது புலவர்களில் பலருக்குப் பழக்கம். பிற்காலத்தில் யார் வந்து கேட்டாலும் பிள்ளை இல்லையென்று சொல்லாமல் பாடம் சொன்னதற்குப் பிறவிக் குணம் என்று காரணம் சொல்வார்கள். திருச்சித் தெருக்களில் பட்ட பாடும் அதில் பாதிக் காரணமாக இருக்க வேண்டும்.

அவர் பாடத்துக்குப் பணம் வாங்குவதில்லை. மாறாக, வந்து சேர்ந்த பிள்ளைகளில் பலருக்குச் சோறும் அவர் வீட்டில்தான். அவருக்கு வருமானம் வந்த வழி வேறு. ஓர் ஊர்க் கோயிலைச் சேர்ந்தவர்கள் தங்கள் தலத்துக்கு ஒரு புராணம் வேண்டும் என்று கேட்பார்கள். பிள்ளை பாடி முடித்து, அந்த ஊரிலேயே அரங்கேற்றுவார். முடிவில் சால்வையும் பணமும் கிடைக்கும். நாகப்பட்டினத்துக் கோயிலைப் பற்றிய திருநாகைக்காரோணப் புராணம் அப்படிப்பட்ட பெரிய நூல்களுள் ஒன்று. பிள்ளைத்தமிழ், அந்தாதி, கலம்பகம், கோவை என்று அவர் பாடிய சிறு நூல்களுக்கும் குறைவில்லை. மனத்துக்குள்ளேயே பாட்டைக் கட்டி முடித்துச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் ஒருவர் ஏட்டில் எழுத வேண்டும். எழுதுகிறவர் கை வலித்து நிறுத்தினால்தான் பாட்டும் நிற்கும். கும்பகோணம் வழியாக ரயில் ஓடத் தொடங்காத நாட்கள் அவை. மாட்டுவண்டிப் பயணத்திலும் பாடம் நடந்தது, எழுத்தும் நடந்தது. வந்த பணம் வந்த வேகத்திலேயே போனது. மகன் கல்யாணத்துக்கு வாங்கிய கடன் அவரைப் பல நாள் அலைக்கழித்தது.

மயிலாடுதுறை அப்போது மாயூரம். பேச்சில் மாயவரம். இன்றும் வயதானவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். பிள்ளை இங்கே வீடு வாங்கிக் குடியிருந்தபோது, 1871இல், பதினாறு வயதுச் சாமிநாதனைத் தந்தை வேங்கடசுப்பையர் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளைக்கு உடனே நம்பிக்கை வரவில்லை. படிக்கிறேன் என்று வந்து சில மாதங்களில் ஊர் திரும்பியவர்களை அவர் நிறையப் பார்த்திருந்தார். பையனை ஒரு செய்யுள் சொல்லச் சொன்னார், கேட்டார், ஏற்றுக்கொண்டார். வேங்கடராமன் என்பது அவனுக்கு இட்ட பெயர். சாமிநாதன் என்பது வீட்டில் வழங்கிய பெயர். பிள்ளைக்குப் பின்னது பிடித்திருந்தது. அதுவே நிலைத்தது. சாப்பாட்டுக்கு மட்டும் தந்தை வேறு இடத்தில் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. பிள்ளை வேளாளர், பையன் பிராமணன்.

முதலில் சில நாட்கள் பாடத்தை ஒரு மூத்த மாணவரே சொல்லிக் கொடுத்தார். ஆசிரியரின் வாயால் கேட்க வேண்டும் என்று பையனுக்கு ஆசை. அருகே போகத் தயக்கம். வீட்டுக்குப் பின்னால் பிள்ளை ஒரு தோட்டம் போட்டிருந்தார். விதை போட்டு முளைக்கும்வரை காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை. வளர்ந்த மரங்களையே வேரோடு பெயர்த்துக்கொண்டு வரச் சொல்லி நட்டுவிட்டார். பட்டுப்போகிற மாதிரி நின்ற அந்த மரங்களில் ஏதாவது துளிர்த்திருக்கிறதா என்று தினமும் விடிகாலையில் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்ப்பது அவர் வழக்கம். இதைக் கவனித்த சாமிநாதன் அவருக்கும் முன்னால் எழுந்து, மரம் மரமாகத் தேடி, எங்கே பச்சை தெரிகிறது என்று குறித்துவைத்துக்கொண்டான். பிள்ளை வந்ததும் இதோ இங்கே ஒன்று, அதோ அங்கே ஒன்று என்று காட்டினான். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டொரு நாளில் மரத்தைப் பற்றிய பேச்சு பாடத்தைப் பற்றிய பேச்சாக மாறியது. பாடம் ஆசிரியரிடமே கிடைத்தது. நைடதமும் அந்தாதிகளும் படித்த மாணவர்கள் பலர் இருந்தார்கள். ஆசிரியரின் ஆசை எதில் இருக்கிறது என்று படித்தவன் அவன் ஒருவன்தான். இதைத் தந்திரம் என்றும் சொல்லலாம். தந்திரம்தான் என்பதைச் சாமிநாதையரே தம் நூலில் மறைக்கவில்லை.

அதே ஊரில் கோபாலகிருஷ்ண பாரதியார் இருந்தார். அவருக்கும் பிள்ளைக்கும் நடந்தது மாயவரத்தின் பெரிய கதைகளில் ஒன்று. நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்கு ஒரு சிறப்புப் பாயிரம் வேண்டும் என்று பாரதியார் பிள்ளையைத் தேடி வந்தார். கீர்த்தனைகளில் இலக்கணப் பிழைகள் இருந்தன. பிள்ளைக்கு அது பொறுக்கவில்லை. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லவும் மனமில்லை. இன்று போய் நாளை வா என்கிற மாதிரி நாட்களைக் கடத்தினார். ஒருநாள் பிற்பகல் பிள்ளை உள்ளே படுத்திருந்தார். திண்ணையில் காத்திருந்த பாரதியார் தம் கீர்த்தனை ஒன்றைத் தமக்குள் பாடிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்தவர் எழுந்து வந்து கேட்டார். உருகிப்போனார். பாயிரம் கொடுத்தார். பிழைகள் எங்கும் போகவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தன.

ஆனால் இந்த உருக்கம் மாணவன் விஷயத்தில் வேலை செய்யவில்லை. சாமிநாதன் சங்கீதக் குடும்பத்துப் பிள்ளை. தந்தையின் விருப்பப்படி பாரதியாரிடம் இசை கற்றுக்கொள்ளப் போய்வந்தான். இதைப் பிள்ளையிடம் சொல்லவில்லை. விஷயம் பாரதியார் வாயாலேயே வெளியே வந்தது. பாட்டில் புத்தி போனால் இலக்கியத்தில் நிற்காது என்று பிள்ளை சொல்லிவிட்டார். இசைப் பாடம் அன்றோடு நின்றது. பின்னாளில் சிலப்பதிகாரத்தின் இசைப் பகுதிகளோடு மல்லுக்கட்ட நேர்ந்தவர் இதே மாணவர். பிள்ளையின் தாராளத்துக்கு ஒரு வேலி இருந்தது. தமக்குத் தெரிந்ததையெல்லாம் கொடுப்பார். தமக்குப் பிடிக்காததைப் பிறர் கொடுப்பது அவருக்கு உவக்காது. அவரைப் பற்றிய பெரும்பாலான பாராட்டுரைகள் இந்த இடத்தில் வேகமாக நடந்துவிடுகின்றன.

ஊரில் அவருக்கு நெருங்கிய நண்பர் வேதநாயகம் பிள்ளை. மாயூரத்தில் முன்சீப், பின்பு 1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்தின் ஆசிரியர். கத்தோலிக்கரான அவர்மேல் பிள்ளை 'குளத்தூர்க் கோவை' பாடினார். மாணவர்களில் சவேரிநாத பிள்ளை கிறிஸ்தவர். நாகூர் குலாம் காதிறு நாவலர் முஸ்லிம். தீவிர சைவரான ஆசிரியரிடம் எல்லாரும் பாடம் கேட்டார்கள். பாடத்தில் ஒரே திண்ணை. சாப்பாட்டில் இலை வேறு. அந்தக் காலத்து நியாயம் அவ்வளவுதான் நீண்டது.

பட்டீசுவரம் கும்பகோணத்திலிருந்து சுமார் 8 கிலோமீட்டர். இப்போது துர்க்கையம்மன் சந்நிதியில் எலுமிச்சம்பழ விளக்கேற்ற வருகிறவர்களின் ஊர். பிள்ளைக்கு இது வேறொரு காரணத்தால் பழக்கம்: இங்கே ஆறுமுகத்தா பிள்ளை என்ற செல்வர் இருந்தார். மகாவித்துவானைத் தம் வீட்டில் வைத்து உபசரிப்பதில் அவருக்குப் பெருமை. மாணவர்களோடு மாதக்கணக்கில் தங்கினாலும் முகம் சுளிக்கமாட்டார். ஆனால் வீட்டில் எல்லாம் அவர் வைத்த நேரம். இரவுச் சாப்பாடு நள்ளிரவை நெருங்கும். அதுவரை எல்லாரும் விழித்திருக்க வேண்டும். யாராவது அசந்து தூங்கிவிட்டால் அவருக்குக் கோபம் வரும். நாட்டுப்புறத்தில் எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் படுத்துப் பழகிய பையனுக்கு அந்த வீட்டுத் தாராளம் பசியாகவும் தூக்கமாகவும்தான் வந்து சேர்ந்தது.

ஒருநாள் மாலை சாமிநாதன் படித்துக்கொண்டிருந்தவாறே தூங்கிப்போனான். எழுந்து பார்த்தால் புத்தகத்தைக் காணோம். வீட்டுக்காரர்தான் எடுத்து ஒளித்துவைத்திருக்கிறார். வேண்டுமானால் தம்மேல் ஒரு பாட்டுப் பாடிக் கேட்க வேண்டும் என்பது அவர் எண்ணம். உள்ளூரில் செல்வாக்குள்ள ஒருவரின் சின்னத்தனம் இது, கண்டித்திருக்கலாம். பிள்ளை கண்டிக்கவில்லை. அவரே பாட்டுக்கு அடியெடுத்துக் கொடுத்து, வீட்டுக்காரரை ஆறுமுக பூபாலர் என்று அரசராகவே ஆக்கிவிட்டார். பூபாலர் மகிழ்ந்தார், புத்தகம் திரும்பி வந்தது. தமிழ்நாட்டில் அன்று எத்தனை ஆயிரம் செய்யுள்கள் இப்படித்தான் பிறந்திருக்கும் என்பதை இந்த ஒரு சம்பவம் சொல்லிவிடும். சோறு போடுகிறவரைப் பகைத்துக்கொள்ளப் புலவருக்கு வழியில்லை. இத்தனை மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போகிற புலவருக்கு அறவே வழியில்லை. தம் சுயமரியாதையில் ஒரு பகுதியை விற்று மாணவர்களுக்கு இடம் வாங்கினார் என்று சொன்னால் மிகையாகாது.

நரசிங்கம்பேட்டையைத் தாண்டினால் திருவாவடுதுறை. நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் கடைகிறார்கள். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற ஆச்சா மரத்தை வாங்கிவந்து, அதில்தான் செய்வார்கள். 2022இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. திருவாவடுதுறை என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரம்தான். மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்றால் தமிழ் படித்தவர்களிலேயே சிலர் நாட்டியம் சொல்லிக் கொடுத்த பந்தநல்லூர்க்காரரை நினைத்துக்கொள்வார்கள்.

மடம் என்றால் பூசையும் சொத்து வழக்கும் என்று எண்ணிக்கொண்டு வருகிற நகரவாசிக்கு, 1870களின் திருவாவடுதுறை ஆச்சரியம் தரும். ஆதீனம் பிள்ளைக்கு மகாவித்துவான் பட்டம் கொடுத்துத் தன்னுடைய புலவராக வைத்துக்கொண்டது. ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் தாமே தமிழும் வடமொழியும் இசையும் தெரிந்தவர். பாடம் நடக்கும் இடத்துக்கு வந்து உட்கார்ந்து கேட்பார். மடத்துத் தம்பிரான்களையும் கேட்கச் சொல்வார். தை மாதக் குருபூசைக்கு நாலாதிசையிலிருந்தும் வித்துவான்கள் வந்து குவிவார்கள். ஒரு கூடத்தில் சாஸ்திர வாதம், இன்னொன்றில் பாட்டு, எல்லாருக்கும் பந்தி. நுழைவுத் தேர்வும் கட்டணமும் இல்லாத ஒரு கல்லூரி என்று அதைச் சொல்லலாம். தேசிகரின் மனம் கோணாமல் நடந்துகொள்வது மட்டும் கட்டாயம்.

இங்கே வந்த பிறகுதான் பிள்ளைக்கு அரிசி பருப்புக் கவலை ஓரளவு தணிந்தது. மாயூரத்து வீட்டில் எண்ணெய் தேய்த்துக்கொள்ள உட்கார்ந்த பிறகு வீட்டில் எண்ணெய் இல்லை என்று தெரிந்து, ஆள் கடைக்குக் கடனுக்கு ஓடியதையெல்லாம் மாணவர் பார்த்திருக்கிறார். ஆள் திரும்பி வரும்வரை பிள்ளை முகத்தில் ஒரு மாறுதலும் தெரியாது. செய்யுள் ஓடிக்கொண்டே இருக்கும். வறுமையை அவர் வெளியே சொன்னதில்லை. அந்த மௌனத்தைப் பெருமை என்றே எல்லாரும் எழுதுகிறார்கள். வீட்டுக்காரம்மாளின் பக்கத்தை எழுத ஒருவரும் இல்லாமல் போனார்கள்.

1875இன் முடிவில் உடம்பு தளர்ந்தது. கடைசி நாளன்று சவேரிநாத பிள்ளை அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். திருவாசகம் படிக்கும்படி குறிப்புக் காட்டியபோது சாமிநாதன் அடைக்கலப் பத்தை எடுத்துப் படித்தார். கிறிஸ்தவ மாணவர் தாங்க, பிராமண மாணவர் படிக்க, சைவப் புலவர் உயிர் விட்டார். நல்லிணக்கக் காட்சியாக இதை மேடையில் சொல்வதுண்டு. பக்கத்தில் இருந்த இரண்டு பேருக்கும் அப்போது அதெல்லாம் தோன்றியிருக்காது. நாளைக்கு யாரிடம் பாடம் கேட்பது என்றுதான் தவித்திருப்பார்கள். தேசிகர் சாமிநாதனை மடத்திலேயே வைத்துக்கொண்டு தாமே பாடம் சொன்னார். புதிதாக வருகிற மாணவர்களுக்குப் பாடம் சொல்லும் பொறுப்பையும் அவரிடம் கொடுத்தார்.

கும்பகோணம் அரசினர் கல்லூரி காவிரிக் கரையில் இருக்கிறது. பிள்ளையின் மாணவர் தியாகராச செட்டியார் அங்கே தமிழ்ப் பண்டிதர். வெடுக்கென்று பேசுகிறவர், மற்றப் புலவர்கள் அவரைக் கண்டால் ஒதுங்குவார்கள். ஆசிரியர் பெயரை எடுத்தால் மட்டும் குரல் இறங்கிவிடும். 1880இல் ஓய்வு பெறும்போது தம் வேலைக்குச் சாமிநாதனைத்தான் எடுக்க வேண்டும் என்று அதிகாரிகளிடம் சொன்னார். மடத்தை விட்டுப் பிரித்துக் கொடுக்கத் தேசிகருக்கு மனம் வரவில்லை. செட்டியார் விடவில்லை, கேட்டுக் கேட்டு வாங்கிவிட்டார். தம் ஆசிரியரிடம் பட்ட கடனை ஆசிரியரின் இன்னொரு மாணவனுக்குத் திருப்பிக் கொடுத்த கணக்கு இது. பிள்ளை உயிரோடிருந்து யாருக்கும் வாங்கித் தர முடியாத ஒன்றை, மாதச் சம்பளத்தை, அவர் பெயர் வாங்கித் தந்தது.

அதே ஆண்டு அக்டோபரில் முன்சீபாக ஊருக்கு வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சாமிநாதையர் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார் முதலியார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என்று இவர் அடுக்கினார். முதலியார் முகத்தில் அசைவே இல்லை. இதனால் என்ன பயன் என்று கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்றார். ஒன்றும் இல்லை. மகாவித்துவானிடம் ஐந்தாண்டுகள் இரவும் பகலும் கேட்ட பாடம் ஒரு பிற்பகலில் தரை தட்டியது. இது சாமிநாதையரின் குறை அல்ல. பிள்ளையின் உலகம் அவ்வளவுதான். சங்க நூல்களும் காப்பியங்களும் மடத்து ஏட்டுக் கட்டுகளில் இருந்தன. பாடம் சொல்கிற வரிசையில் இல்லை.

சிந்தாமணி 1887இல் அச்சாகியது. பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. இவற்றில் ஒன்றையும் பிள்ளை அவருக்குப் பாடம் சொன்னதில்லை. எனினும் ஏடு தேடிப் போன இடங்களில் கதவு திறந்ததற்கு அவர் இன்னாருடைய மாணவர் என்பதும், திருவாவடுதுறை மடத்தின் பழக்கமும் உதவின. மடத்து ஏடுகளும் கைகொடுத்தன. கேட்ட மாத்திரத்தில் பிழையில்லாமல் எழுதி எழுதிப் பழகிய கை, சிதைந்த ஏட்டில் விடுபட்ட எழுத்தைக் கண்டுபிடிக்கவும் உதவியிருக்க வேண்டும்.

ஆசிரியர் வரலாற்றைச் சாமிநாதையர் இரண்டு பாகங்களாக 1933இலும் 1934இலும் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை இறந்து ஏறக்குறைய அறுபது ஆண்டுகள். கூடப் படித்தவர்கள் சொன்னவை, கடிதங்கள், தனிப்பாடல்கள், யார் எந்த ஊரில் என்ன கொடுத்தார்கள் என்ற விவரம் எல்லாம் அதில் உண்டு. கடன்களும் உண்டு, பரதேசியின் கஞ்சாவும் உண்டு. பிள்ளையின் சிறு நூல்களைத் திரட்டிப் பதிப்பித்தவரும் அவரே. அந்தப் பிரபந்தங்களையும் தலபுராணங்களையும் இன்று எடுத்துப் படிக்கிறவர்கள் குறைவு. படித்துப் பார்க்கிறவர்களிலும் பலர் சொற்கட்டில் வியந்து, பாதியில் களைத்து மூடிவிடுகிறார்கள். 'சேக்கிழார் பிள்ளைத்தமிழ்' அதற்கு விலக்கு. அதிலிருந்து தொடங்குவது நல்லது. சாமிநாதையர் 1942இல் மறைந்தார். அவர் சேர்த்த ஏடுகளும் கடிதங்களும் நூல்களும் மறுஆண்டு சென்னையில் அவர் பெயரால் தொடங்கப்பட்ட நூல்நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அது இப்போது பெசன்ட் நகரில் இருக்கிறது. காவிரிக் கரை ஊர்களைப் பார்த்துவிட்டு மேலே படிக்க விரும்புகிறவர் போக வேண்டிய இடம் அது.